கட்டுத்தறிக்கு வந்த மில்லிங் மிஷின்

போன மாசி மாசம் ஒரு சாயங்காலம், பால் கறக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னால, எங்க தட்டு வெட்டுற மிஷின் 'டொக்'குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. மோட்டார் ஓடுது, பெல்ட் ஓடுது, புல்லியும் சுத்துது. கத்தி மட்டும் சுத்தல. சாஃப் கட்டர்னு சொல்ற இந்த மிஷினை நீங்க வீடியோக்கள்ல பார்த்திருப்பீங்க. கோ-4 புல்லையும் சோளத்தட்டையும் பொடிப்பொடியா நறுக்கித் தள்ளும். அஞ்சு கறவை மாடு இருக்கிற வீட்டுல அது நின்னா பாதி பண்ணயமே நின்ன மாதிரி.

கழட்டிப் பார்த்தேன். புல்லி ஷாஃப்டோட சேர்ந்து சுத்தணும்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இரும்புக் கட்டை இருக்கணும். அதுக்குப் பேரு கீ. அது உட்காருற பள்ளம் கீவே. கீ நறுங்கிக் கிடந்தது. கீவேயோட ரெண்டு சுவரும் அடிபட்டு அகலமாயிருந்தது. இதுல மிஷின் செஞ்ச கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு முந்தின வருஷம் அந்த ஷாஃப்டை மாத்தினப்ப, கீவேயை கிரைண்டராலயும் அரத்தாலயும் நானே ராவி எடுத்திருந்தேன். கண்ணுக்கு நேராத்தான் தெரிஞ்சுது. ஆனா கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. அந்தக் கால் மில்லிமீட்டர் தினம் ரெண்டு வேளை சுத்தியலா அடிச்சு அடிச்சு பள்ளத்தையே தின்னுடுச்சு.

புது ஷாஃப்ட் கடையறது எனக்குப் பெரிய விஷயமில்ல. பழைய கட்டுத்தறியில அப்பா காலத்து நாலரை அடி லேத் ஒண்ணு இருக்கு. வெல்டிங் செட்டும் டிரில்லிங் மிஷினும் பக்கத்துலயே இருக்கு. 30 மில்லிமீட்டர் ஷாஃப்டை ராத்திரியே கடைஞ்சு வெச்சுட்டேன். அதுல 8 மில்லி அகலம், 4 மில்லி ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதை மட்டும் வெட்ட முடியல. லேத்துல பொருள் சுத்தும், கத்தி நிக்கும். கீவேக்குப் பொருள் நிக்கணும், கத்தி சுத்தணும். அதுதான் மில்லிங் மிஷின்.

எங்க ஊர் முக்குல லேத் பட்டறை வெச்சிருந்த மேஸ்திரி ஐயா அந்த வாரம் கண் ஆபரேஷன் பண்ணி வீட்டுல படுத்திருந்தார். பொள்ளாச்சிக்கு எடுத்துட்டுப் போனேன். சீசன் வேலை குவிஞ்சு கிடக்குது, நாலு நாள் ஆகும்னாங்க. நாலு நாளும் நானும் வீட்டுக்காரியும் கட்டையில வெச்சு அரிவாளால புல்லு வெட்டினோம். அஞ்சு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 130, 140 கிலோ பசும்புல் ஆகும். கோ-4 தண்டை முழுசாப் போட்டா மாடு இலையைத் தின்னுட்டு தண்டை மிதிச்சுடும். மூணாவது நாள் ராத்திரி, கரண்ட் போன நேரம், அவங்க இடது கை ஆள்காட்டி விரல்ல அரிவாள் இறங்கிடுச்சு. நாலு தையல்.

ஆஸ்பத்திரியில இருந்து வண்டியில திரும்பும்போது அவங்க ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. ஒரு வருஷம் முன்னால நான் அரத்தால ராவின கால் மில்லிமீட்டர்தான் மனசுக்குள்ள ஓடிட்டு இருந்தது.

விவசாயிக்கு எதுக்குடா லேத்துன்னு நகரத்து நண்பர்கள் கேட்பாங்க. கோயமுத்தூர் ஜில்லாவுல இது புதுசில்ல. இங்க கிணறு ஆழம். தண்ணி எடுக்க பம்பு வேணும், பம்புக்கு மோட்டார் வேணும், மோட்டாருக்கு வார்ப்பும் கடைசலும் வேணும். கலங்கல் கிராமத்து விவசாயக் குடும்பத்துல பிறந்த ஜி.டி. நாயுடு கோயமுத்தூர்ல மோட்டார் செஞ்சது 1937-ல. பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்ய வந்த பட்டறைகள் தோட்டத்துக்காரனோட பம்பையும் சேர்த்துப் பார்த்துச்சு. அப்படிப் பழகின ஊர்ல, ஒவ்வொரு பத்து மைலுக்கும் ஒரு மேஸ்திரி இருந்தார். அவர் இருக்கிற தைரியத்துலதான் என்னை மாதிரி ஆளுங்க பாதி வேலையை வீட்டுலயும் மீதியைப் பட்டறையிலயும் செஞ்சுட்டு இருந்தோம்.

கண் ஆபரேஷன் முடிஞ்சு மேஸ்திரி ஐயா திரும்பி வந்தார். பட்டறையைத் திறக்கத்தான் இல்ல. "போதும் தம்பி. பையன் பெங்களூர்ல இருக்கான். அவனுக்கு இந்தக் கரி வேண்டாம். எனக்கும் 71 ஆச்சு"ன்னார். அப்பத்தான் நான் மில்லிங் மிஷின் வாங்குற பேச்சை வீட்டுல எடுத்தேன்.

தேங்காயும் ஒரு கிடேரியும் வித்த காசு ரெண்டு லட்சம் கையில இருந்தது. அது மேற்கால ஒரு ஏக்கருக்குச் சொட்டுநீர் போட வெச்சது. இல்லேன்னா ரெண்டு நல்ல மாடு வாங்கலாம். வீட்டுல, "ஏனுங்க, இதுவரைக்கும் பட்டறைக்கு எவ்வளவு கொடுத்திருக்கீங்கன்னு மொதல்ல கணக்குப் பாருங்க"ன்னாங்க. நியாயமான கேள்வி. என்கிட்ட ஒரு நோட்டு இருக்கு, செலவெல்லாம் எழுதுவேன். ரெண்டு வருஷத்துல மில்லிங் தேவைப்பட்ட வேலை 17. கொடுத்த காசு 11,400. ஒன்பதாவது படிக்கிற மக ஃபோன்ல கணக்குப் போட்டுட்டு, "அப்பா, மொத்த ரெண்டு லட்சமும் போட்டா திரும்ப வர 35 வருஷம் ஆகும்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

கணக்குல தப்பில்ல. ஆனா நோட்டுல இன்னொரு பக்கமும் இருந்தது. அந்த 17 வேலைக்காகக் காத்திருந்த நாள் மொத்தம் 41. அதுல தண்ணி பாய்ச்சாத நாள், உழவு நின்ன நாள், கையால புல்லு வெட்டின நாள் எல்லாம் அடக்கம். மேஸ்திரி ஐயா பட்டறை இருக்கிறப்பவே 41. இனிமே?

வீட்டுல கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. தையல் பிரிச்ச விரலைத் தடவிட்டே, "ரெண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. சொட்டுநீரு அடுத்த வருஷம் கட்டாயம்"னாங்க. அதுதான் எனக்குக் கிடைச்ச உத்தரவு.

இனி எதை வாங்குறது? இதுல நான் மூணு மாசம் அலைஞ்சேன். உங்கள்ல யாராவது வீட்டுப் பட்டறை வைக்க நினைச்சா உதவும்னு விவரமா எழுதறேன்.

முதல்ல கண்ணுல பட்டது மேஜை மேல வைக்கிற சின்ன மில்லிங் மிஷின். 60 கிலோ எடை. ரெண்டு பேர் தூக்கிடலாம், வீட்டு பிளக்கிலயே ஓடும். பொம்மை ரயில், சின்ன என்ஜின் செய்யறவங்களுக்கு அது தங்கம். ஆனா இரும்பை வெட்டும்போது கத்திக்கு எதிரா மிஷின் நெஞ்சை நிமித்தி நிக்கணும். அதுக்கு எடை வேணும். எடை இல்லாத மிஷின் அதிரும். அதிர்ந்தா கத்தி உடையும், வெட்டின முகம் சலசலன்னு அலை அலையா வரும். என் வேலை டிராக்டர் ஷாஃப்டும் புல்லியும். அதுக்கு இது காணாது.

அடுத்தது, உருண்டைத் தூண் வெச்ச டிரில்-மில். 300 கிலோ வரும், ஓரளவு கெட்டி, விலையும் கைக்கு எட்டும். வாங்கிடலாம்னே நினைச்சேன். அதுல ஒரு வில்லங்கம் உண்டு. தலையை மேல கீழ நகர்த்தணும்னா தூணைப் பிடிச்சிருக்கிற இறுக்கத்தைத் தளர்த்தணும். தளர்த்தின உடனே தலை பக்கவாட்டுல திரும்பிடும். சின்ன டிரில்லால ஒரு துளை போட்டுட்டு, பெரிய கத்தி மாட்ட தலையை ரெண்டு இஞ்ச் தூக்கினா, பழைய துளைக்கு நேரா மறுபடி கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். சதுரத் தூண்ல இந்தத் தொல்லை இல்ல.

மூணாவது, எங்க ஊர்ப் பட்டறைகள்ல நிறைய பார்க்கிற டர்ரெட் மில்லிங். அமெரிக்காவுல பிரிட்ஜ்போர்ட் கம்பெனி 1938-ல விற்க ஆரம்பிச்ச வடிவம். மேஜை மேல கீழ போகும், முன்ன பின்ன போகும், தலை சாயும், கழுத்து நீளும். ஒரு டன் எடை. இதையே மாதிரியா வெச்சு நம்ம நாட்டுலயும் நிறைய பேர் செஞ்சிருக்காங்க. புதுசு என் கைக்கு எட்டாது. பழசு எட்டும்.

நாலாவது ஒண்ணு இருந்தது. அதைப் பத்தி எழுதத்தான் கொஞ்சம் தயக்கமா இருக்கு. மேஸ்திரி ஐயாவோட சொந்த மிஷின்.

பெங்களூர்ல 1953-ல ஆரம்பிச்ச எச்எம்டி நிறுவனத்தோட ஹரிசாண்டல் மில்லிங். கத்தி படுக்கைவசமா ஒரு நீள ஆர்பர்ல மாட்டியிருக்கும். கீவே வெட்ட அதைவிட நல்ல மிஷின் கிடையாது. சைடு அண்ட் ஃபேஸ் கட்டரை மாட்டி ஷாஃப்டை ஓட்டினா, வெண்ணெயில கத்தி போற மாதிரி ஒரே ஓட்டத்துல பள்ளம் வந்துடும். நான் பேச்செடுத்த அன்னைக்கே, "எதுக்கு அலையற? இதை எடுத்துட்டுப் போ. காசு மெதுவாக் கொடு. எவனோ ஒருத்தன் கிலோ கணக்குல எடுக்கிறதுக்கு உன் கட்டுத்தறியில நிக்கட்டும்"னார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ரெண்டு டன் எடை. கட்டுத்தறி தரைக்கு அடியில கல்லும் மண்ணும்தான், தாங்காது. வாசல்ல நுழையாது, சுவரை இடிக்கணும். மெயின் மோட்டார் அஞ்சு ஹெச்பி, மூணு ஃபேஸ். வெர்டிகல் தலை கிடையாது, அதனால மேலிருந்து துளை போடறது, முகம் வெட்டறது, சாய்வா வெட்டறது எல்லாம் சிரமம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 17 வேலையில கீவே 6. மீதி 11-க்கும் வெர்டிகல்தான் வேணும். மறுநாள் போய் மேஸ்திரி ஐயாகிட்ட நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சார். "சரிதான். இது உனக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். கோவமா இருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

மூணு ஃபேஸ் பத்தி ஒரு விஷயம். என் பட்டறையில இருந்து 20 அடி தள்ளிப் போறது விவசாய சர்வீஸ் லைன். மூணு ஃபேஸ், காசே இல்லாத கரண்ட். ஒரு வயர் இழுத்தா யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதையே சொன்னார். ஆனா அது தண்ணி இறைக்கிறதுக்காகக் கொடுத்த கரண்ட். அதுல இரும்பு வெட்டினா திருட்டுதான், வேற பேரு கிடையாது. மாட்டினா சர்வீஸுக்கே வினை. அப்பா கட்டில்ல படுத்துட்டே, "தண்ணிக்குக் கொடுத்ததைத் தண்ணிக்கு மட்டும் வெச்சுக்கோ சாமி"ன்னார். விட்டுட்டேன்.

வீட்டு சர்வீஸ் ஒரு ஃபேஸ். அதுக்கு வழி விஎஃப்டி. ஒரு ஃபேஸ் 230 வோல்ட் உள்ள போனா மூணு ஃபேஸ் 230 வோல்ட் வெளிய வரும் பெட்டி. 415 வோல்ட் மோட்டாரை அதுல ஓட்ட முடியுமான்னு கேப்பீங்க. சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்புல 415 வோல்ட்டுக்குக் கட்டியிருப்பாங்க. அதே காயிலை டெல்டாவா மாத்திக் கட்டினா ஏறக்குறைய 240 வோல்ட்டுக்குச் சரியாப் போகும். மோட்டார் பெட்டியைத் திறந்தா ஆறு முனை வெளிய இருக்கணும். மூணு மட்டும் இருந்தா, காயில் கட்டுற கடையில கொடுத்து உள்ள இருக்கிற ஸ்டார் முடிச்சைப் பிரிச்சு வெளிய எடுக்கணும். ரெண்டு வேக மோட்டாரா இருந்தா இந்த வித்தை சுலபமா ஆகாது. மிஷின் பார்க்கப் போகும்போது கத்தி, மேஜை பார்க்கிறதுக்கு முன்னாடி மோட்டார் பெட்டியைத் திறந்து பாருங்க.

இதையும் சொல்லிடறேன். வீட்டு சர்வீஸ்ல என் சொந்த ரிப்பேர் மட்டும்தான். காசு வாங்கி அடுத்தவங்களுக்கு வேலை செஞ்சா அதுக்குத் தனி சர்வீஸ் வாங்கணும்.

பழைய மிஷின் பார்க்க கோயமுத்தூர் கிளம்பினேன். கேக்காமலே மேஸ்திரி ஐயாவும் கிளம்பி நின்னார். தோள்ல ஒரு மஞ்சப் பை. உள்ள டயல் கேஜ், டார்ச் லைட்டு, ஒரு பழைய பனியன் துணி. அவர் மிஷினை வேண்டாம்னு சொன்னவன் நான். எனக்காக வேற மிஷின் பார்க்க அவர் வர்றார். பஸ்ல கிணத்துக்கடவு வரைக்கும் நான் வாயே திறக்கல.

கணபதியில ஒரு குடோன். பச்சை பெயிண்ட் பளபளன்னு ஒரு டர்ரெட் மில். எனக்குப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சு. மேஸ்திரி ஐயா பெயிண்டைப் பார்க்கவே இல்ல. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில கொம்புக்கு பெயிண்ட் அடிச்ச மாட்டை விட்டுட்டு நேரா பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற வியாபாரி மாதிரி, துணியை எடுத்து மேஜைக்கு அடியில வழுக்கற தடத்தைத் துடைச்சார். புதுசுல அந்தத் தடத்துல சின்னச் சின்ன மீன் செதில் மாதிரி சுரண்டல் குறி இருக்கும். எண்ணெய் தங்கறதுக்காகக் கையால சுரண்டினது. ஓரத்துல அது தெரிஞ்சுது, நடுவுல வழுவழுன்னு ஒண்ணுமே இல்ல. அப்புறம் மேஜையை நடுவுல வெச்சு ஜிப்பை இறுக்கினார். கைச்சக்கரத்தைச் சுத்தி ஓரத்துக்குக் கொண்டு போனார். பாதி வழியில சக்கரம் கல்லு மாதிரி நின்னுடுச்சு. "நடுவுல தேஞ்சிருக்கு, ஓரம் தேயல. நடுவுக்கு இறுக்கினா ஓரத்துல பிடிக்கும். ஓரத்துக்குத் தளர்த்தினா நடுவுல ஆடும். வா தம்பி போலாம்"னார். விலை கூடக் கேக்கல.

இப்படி நாலு இடம். அஞ்சாவது ஆவாரம்பாளையத்துல மூடப்போற ஒரு பட்டறை. மூலையில கரி எண்ணெயும் தூசியுமா ஒரு மிஷின். பெயிண்ட் உரிஞ்சு, பெல்ட் வெடிச்சு, மேஜை ஓட்டுற பவர் ஃபீடு காணாமப் போய்க் கிடந்தது. நான் திரும்பிட்டேன். அவர் உட்கார்ந்துட்டார்.

துடைச்சா, தடம் முழுக்க செதில் குறி. மேஜை மேல கவனிக்கச் சொன்னார். ஒரு டிரில் துளை கூட இல்ல. "மேஜையைத் துளைக்காதவன் மிஷினையும் கெடுத்திருக்க மாட்டான்." ஸ்பிண்டில் குழிக்குள்ள டயல் கேஜ் முள்ளை வெச்சுக் கையால சுத்தினார். முள் ஒரு கோடு, அதாவது 0.01 மில்லிதான் அசைஞ்சுது. அதிகபட்ச வேகத்துல 20 நிமிஷம் ஓடவிட்டு, பேரிங் இருக்கிற இடத்துல உள்ளங்கையை வெச்சுப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கைச்சக்கரத்தைத் திருப்பினா மேஜை அசையறதுக்கு முன்னால 0.25 மில்லி சும்மா சுத்துச்சு. அதுக்குப் பேரு பேக்லாஷ். "இது பழசுக்கு இருக்கும். கத்தி சுத்துற திசைக்கு எதிராவே மேஜையை ஓட்டு. கத்தியோட சேர்த்து ஓட்டினேன்னா, அந்தக் கால் மில்லியை கத்தி சட்டுன்னு இழுத்து உடைச்சுடும்." மறுபடியும் கால் மில்லி! இந்தத் தடவை அது எங்க இருக்குன்னாவது தெரியும்.

ஸ்பிண்டில் குழியோட அளவையும் பார்க்கணும். சில மிஷின்ல ஆர்8, சிலதுல ஐஎஸ்ஓ 30 இல்ல 40. இதுல ஆர்8. அதுக்கு கோலட்டும் சக்கும் சுலபமாக் கிடைக்கும். வேகம் குறைஞ்சபட்சம் 80 சுத்து வரைக்கும் இறங்குது. சாதாரண ஹெச்எஸ்எஸ் கத்திக்கு, சாதா இரும்புல, 8000-த்தை கத்தியோட விட்டத்தால வகுத்தா வர்றதுதான் ஏறக்குறைய வேகம். 8 மில்லி கத்திக்கு 1000 சுத்து. 50 மில்லி கத்திக்கு 160 தான். அதனால மேல் வேகத்தை விட கீழ் வேகம் முக்கியம்.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொன்னாங்க. பேரம் பேச மேஸ்திரி ஐயா வரல, வெளிய போய் டீ குடிச்சார். 1,35,000-க்கு முடிஞ்சுது.

நண்பர்களே, மிஷின் விலை மட்டும் விலை இல்ல. கிரேனும் லாரியும் 14,000. தரையை நோண்டி கான்கிரீட் போட 8,000. விஎஃப்டி 11,500. வைஸ் 9,000. கோலட்டும் சக்கும் 6,500. கத்திகள் 5,000. பொருளை மேஜையில இறுக்குற கிளாம்ப் செட் 3,500. மொத்தம் 1,92,500. மிஷினுக்கு 100 ரூபா வெச்சா மீதிக்கு 40 ரூபாயாவது தனியா வெச்சுக்கங்க. வீட்டுல சொன்ன ரெண்டு லட்சத்துக்குள்ள 7,500 மிச்சம்.

இறக்கினதும் ஒரு பாடம். இந்த மிஷினுக்குத் தலைப்பாரம் ஜாஸ்தி. கழுத்தைப் பின்னால இழுத்து, மேஜையைக் கீழ இறக்கி, தலையைக் கவுத்தி வெச்சுத்தான் தூக்கணும். வாசல் வரைக்கும் கிரேன் வந்துச்சு. உள்ள 15 அடி, ஜிஐ பைப்பை அடியில போட்டு உருட்டினோம். நாலு பேர், ரெண்டு கடப்பாரை, மூணு மணி நேரம். மாடு கட்டியிருந்த இடத்துல மிஷின் நின்னதும் அப்பா கைத்தடியோட வந்து பார்த்துட்டு, "இது எத்தனை லிட்டர் கறக்கும்?"னார். எல்லாரும் சிரிச்சோம். வீட்டுல மட்டும் சிரிக்கல.

முதல் வேலை அந்தத் தட்டு வெட்டுற மிஷினுக்கே. பொள்ளாச்சியில வெட்டின ஷாஃப்ட் ஓடிட்டுத்தான் இருந்தது. இருந்தாலும் ஸ்பேரா ஒண்ணு செஞ்சு வைக்கலாம்னு. நான் கழுத்துல துண்டோட மிஷின்கிட்டப் போனேன். "துண்டு!"னு மேஸ்திரி ஐயா போட்ட சத்தத்துல மாடெல்லாம் திரும்பிப் பார்த்துச்சு. சுத்துற கத்திகிட்ட துண்டு, கையுறை, தொங்குற சட்டை எதுவும் ஆகாது. இரும்புத் தூளைக் கையால தள்ளக் கூடாது, பிரஷ் வேணும். இதை அவர் சொன்ன விதத்துல எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

8 மில்லி கத்தி. அரை அரை மில்லியா எட்டு ஓட்டம். 4 மில்லி ஆழம். கீயை வெச்சு மரச்சுத்தியால தட்டினேன். மெதுவா உள்ள போய் உட்கார்ந்துச்சு. விரலால ஆட்டிப் பார்த்தேன், அசையல. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வடு இருக்கிற விரலாலயே அவங்களும் ஆட்டிப் பார்த்தாங்க. "ம்"னாங்க. பால் சொசைட்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க.

மேஸ்திரி ஐயாவோட மிஷின் ஆடி மாசம் போச்சு. வாங்க ஆள் வரல. கடைசியில பழைய இரும்புக்காரர் லாரியோட வந்தார். கேஸ் கட்டரால துண்டு போட்டுத்தான் ஏத்தினாங்க, முழுசாத் தூக்க அவங்களுக்கு வசதியில்ல. நான் போய் நின்னேன். போகாம இருந்திருந்தா அது தப்புன்னு தோணுச்சு. அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு உள்ள போய் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டு வந்து என் வண்டியில வெச்சார். டிவைடிங் ஹெட். ஒரு வட்டத்தைச் சமமாப் பிரிக்கிற கருவி. "இதுக்கு எடையும் இல்ல, மூணு ஃபேஸும் வேண்டாம். இதையாவது எடுத்துக்கோ"ன்னார். மறுக்க எனக்கு நோட்டுக் கணக்கு எதுவும் இல்ல.

என் லேத்துல 24 பல் கியர் ஒண்ணு அப்பா காலத்துலயே தொலைஞ்சு போனது. அதை இப்ப செஞ்சோம். டிவைடிங் ஹெட் கைப்பிடியை 40 சுத்து சுத்தினா பொருள் ஒரு சுத்து. 40-ஐ 24-ஆல வகுத்தா ஒண்ணே மூணுல ரெண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுத்து, அப்புறம் 24 துளை வட்டத்துல 16 துளை. மாட்யூல் 2, அதனால வெளி விட்டம் 52 மில்லி, ஆழம் நாலரை மில்லி. 21 பல்லுல இருந்து 25 பல் வரைக்கும் ஒரே கட்டர்தான், அது அவர்கிட்டயே இருந்தது. முதல் தடவை 19-வது பல்லுல துளை எண்ணிக்கையை விட்டுட்டேன். கடைசிப் பல் பாதியாத்தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை மக பக்கத்துல நின்னு எண்ணிச்சு. சரியா வந்துச்சு.

இப்ப வாரத்துல ரெண்டு மூணு நாள் காலையில மேஸ்திரி ஐயா வந்துடறார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் ஏதாவது வெட்டினா சத்தத்தை வெச்சே, "வேகத்தைக் குறை"ம்பார். அவரோட மிஷினை வாங்கியிருக்கலாமான்னு சில நாள் தோணும். நோட்டைப் பார்த்தா இல்லைன்னுதான் சொல்லுது. கேஸ் கட்டர் சத்தம் ஞாபகம் வந்தா அந்தப் பதில் பத்தல.

மிஷின் வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மொதல்ல ஒரு வருஷம் நோட்டுல எழுதுங்க. என்ன வேலை வந்துச்சு, எவ்வளவு கொடுத்தீங்க, எத்தனை நாள் காத்திருந்தீங்க. எந்த மிஷின் வேணும்னு அதுவே சொல்லும். அப்புறம் பக்கத்துல ஒரு மேஸ்திரி இன்னும் இருந்தா, அவரைக் கூட்டிட்டுப் போங்க. பஸ் சார்ஜும் டீயும் உங்க செலவு.

சொட்டுநீர் பைப் போன வாரம் வந்து இறங்கியாச்சு. வீட்டுல மறக்கல.